தாளில் அடங்காத தெரு

சேந்தநத்தத்தின் தெற்குத் தெரு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், இல்லாமல் போயிற்று. இடி இடிக்கவில்லை, மண் சரியவில்லை, புழுதிகூட எழும்பவில்லை. பத்தொன்பது வீடு, ஒரு அடிபைப்பு, ஒரு பூவரச மரம், கட்டுத்தறியில் கிடந்த நாற்பத்தொரு ஆடு, தெருவைத் தாண்டி ஒரு இடுகாடு, இவ்வளவும் இருந்த இடத்தில் பக்கத்து ஊர் மக்காச்சோளக் காட்டின் வேலி வந்து நின்றுகொண்டது. தரைப்பாலத்தைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைத்தால் முன்பு அது தெற்குத் தெருவின் முதல் வீட்டு வாசலில் இறங்கும். இப்போது சோளத்தட்டையின் மேல் இறங்கியது. கிழிந்த வேட்டியில் கிழிசலை உள்ளே மடித்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டால் வெளியே எப்படிச் சுத்தமாகத் தெரியுமோ, அப்படித் தெரிந்தது ஊர்.

காரணம் எல்லோருக்கும் அன்று மாலையே தெரிந்துவிட்டது. தாலுகா ஆபீஸில் பழைய தாள்களை எல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை தை மாதத்திலிருந்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் படம் பழைய காலத்து ஃபுல்ஸ்கேப் தாளில் வரைந்தது. அங்கே வைத்திருந்த மெஷினோ ஏ-ஃபோர் தாளுக்கு மட்டும் கண் திறக்கும்படி அமைத்தது. தாளின் அடியில் மூன்று விரல் அகலத்தை அது பார்க்கவில்லை. வடக்கை மேலேயும் தெற்கைக் கீழேயும் வைத்துப் படம் வரைவதுதான் வழக்கம் என்பதால், அது பார்க்காத மூன்று விரல் தெற்குத் தெருவாக இருந்தது.

இப்படி நடப்பது எங்களுக்கு மட்டும் புதிதல்ல. பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பால் சங்கத் தீர்மானத்தை ஸ்கேன் பண்ணினபோது, தாளின் கடைசி வரியில் கையெழுத்துப் போட்டிருந்த மூன்று பேரை அவர்கள் வீட்டு நாய்களுக்கே அடையாளம் தெரியாமல் போனது. பெண்டாட்டிமார்கள் யாரோ என்று நினைத்துத் தின்பண்டம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மூன்று பேரும் இப்போது பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்கிறார்கள், பழகிப்போய்விட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மெஷின் பார்த்தது இருக்கும், பார்க்காதது இருக்காது, அவ்வளவுதான் விஷயம் என்று மழை பெய்வதையும் பெய்யாததையும் ஏற்றுக்கொள்கிற மாதிரி ஜனங்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

நல்லவேளை என்றுதான் ஊரில் முதலில் சொன்னார்கள். தெற்குத் தெரு ஜனம் அத்தனை பேரும் அன்று நூறு நாள் வேலைக்கு வடக்கே ஏரிக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், ஓர் ஆள்கூட உள்ளே மாட்டவில்லை என்று. பிறகு எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆள் குறைந்தது.

காத்தவராயன். கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் முறிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போனவன். அவன் பெண்டாட்டி பவுனாம்பாள் காலையில் அவனுக்குக் கஞ்சி கொடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு டம்ளரும் வைத்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போயிருந்தாள். சாயங்காலம் எல்லோரும் தரைப்பாலத்தில் வந்து நின்று சோளக்காட்டைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டு அழுதபோது அவள் அழவில்லை. பாலத்தின் கடைசிக் கல்லில் குந்தி, காதைத் தாழ்த்தி, "யோவ்" என்று கூப்பிட்டாள்.

"என்னாடி இவ்ளோ நேரம்?" என்றான் காத்தவராயன்.

குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. எங்கிருந்து வருகிறது என்று சோளத்தட்டைகளை விலக்கிப் பார்த்தார்கள். தட்டைக்குப் பின்னால் தட்டைதான் இருந்தது.

"வூடு இருக்குதாய்யா?" என்றாள் பவுனாம்பாள்.

"வூடு எங்க போவும்? உங்களத்தான் ஒருத்தரையும் காணும். தெருவே எனக்குத்தான் இப்ப. பட்டா போட்டுக்கலாமான்னு பாக்குறேன்."

"குடத்துல தண்ணி எவ்ளோ கெடக்கு?"

"முக்காவாசி கெடக்கு. ஆடுங்கதான் கத்துதுங்க. எல்லார் வூட்டு ஆட்டுக்கும் நாந்தான் பதில் சொல்லணும் போல."

தெற்குத் தெரு ஜனம் அழுதுகொண்டே சிரித்தது. அடிபைப்பு அவன் வீட்டு வாசலிலிருந்து பத்தடி தூரம்தான், ஆனால் அதை அடிக்க எழுந்து நிற்கக் கால் வேண்டும். ஆகவே காத்தவராயனுடைய உயிர் அந்த முக்கால் குடத்தில் இருந்தது. இது பவுனாம்பாளுக்கும் தெரியும், காத்தவராயனுக்கும் தெரியும், அன்று பாலத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் தாலுகா ஆபீஸ் போனாள். பழைய கருவூல அறையில், டேக் நூலை உருவிப் பிரித்துப் போட்ட கட்டுகளுக்கு நடுவில், முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ரோஸ்லின். காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் ஆள். பேப்பர் தூசியில் அவளுக்கு இருமல் வந்து வந்து குரல் ஆண்பிள்ளைக் குரல் மாதிரி ஆகியிருந்தது. பவுனாம்பாள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கட்டில் தேடி ஊர்ப் படத்தை எடுத்து, மெஷினின் கண்ணாடி மேல் வைத்துக் காட்டினாள். தாளின் அடிப்பகுதி கண்ணாடிக்கு வெளியே நாக்கு மாதிரித் தொங்கியது.

"பாத்தீங்களாக்கா. தாளு நீளம், மெஷினு கட்டை. வெளிய தொங்குது பாருங்க, அதுதான் உங்க தெரு."

பவுனாம்பாள் அந்தத் தொங்கலை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். "இதுல எம்புருசன் இருக்கான் பாப்பா. என்னாவாச்சும் பண்ணு."

"தலைகீழா திருப்பி வச்சா தெற்கு உள்ள வந்துரும். ஆனா வடக்குப் பக்கம் வெளிய போயிரும்."

"அங்க பள்ளிக்கூடம் இருக்கு," என்றாள் பவுனாம்பாள். "அது வேணாம்."

"இன்னொரு வழி இருக்கு. சுருக்கிப் போடலாம். ஒரு டிக் அடிச்சா முழுத் தாளும் கொஞ்சம் சின்னதாயி உள்ள அடங்கிரும். எங்க கம்பெனியில அது போடக்கூடாதும்பாங்க, தாளுக்கு ரெண்டு செகண்டு கூட ஆவும்னு. நான் போட்டுத் தரேன். ஆனா ஏறினதை மறுபடி ஏத்துறதுக்கு தாசில்தார் சொல்லணும்."

தாசில்தார் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுருக்கினால் ஊர் மொத்தமும் நூற்றுக்குப் பதிமூன்று பங்கு சின்னதாகிவிடும், வீடு, கோயில், மனுஷர், மாடு எல்லாம்தான், ஆகவே ஊர் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது, கிராம சபையில் ஒரு தீர்மானம் மட்டும் போட்டுக் கொண்டுவாம்மா, அன்றைக்கே முடித்துத் தருகிறேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அதில் இருந்த குறை.

அன்று சாயங்காலமே பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஊராட்சித் தலைவர் குஞ்சிதபாதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ராத்தங்கிய தெற்குத் தெரு ஜனம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்போதும் நிற்கிற தூரத்தில் நின்றார்கள். தலைவர் விஷயத்தைச் சொன்னார். நூற்றுக்குப் பதிமூன்று என்றதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு வடக்கிலிருந்து கிழக்கு வரைக்கும் போய்த் திரும்பியது.

"எல்லாமுமா சுருங்கும்?" என்றான் டீக்கடை ராசாங்கம். "டம்ளருமா?"

"டம்ளருந்தான்."

"அப்ப வெலையைக் குறைடாம்பானுங்க."

"நீ ஊத்துற டீ சுருங்கி ரொம்ப நாளாச்சு, டம்ளருதான் பாக்கி," என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

தையல்நாயகி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது. "எம்பொண்ணு ஏற்கனவே கட்டை. மாப்பிள்ளையோட வெளியூர் சொந்தம் பொண்ணு பாக்க வந்தப்ப குதிகால் செருப்புப் போட்டு நிக்க வச்சுத்தான் ஒப்பேத்துனேன். இன்னம் பதிமூணு போச்சுன்னா தொட்டில்ல போட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்."

"கோபுரம் சுருங்கலாமா? சாமி காரியம்," என்றார் ஒருவர். "எங்கப்பா வச்ச வாசக்கால் ஏழடி. ஏழடின்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்கே பேரு," என்றார் இன்னொருவர். தலைவருக்கு மாடி வீடு. அவர் தன் மாடியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பவுனாம்பாள் நின்ற இடத்திலிருந்து சொன்னாள்: "பஸ்ஸுல எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்குனா ஒரு ஆளு உக்காரலாமுங்க. அந்த மாதிரி நெனைச்சுக்கக் கூடாதா? குடத்துல அரைக் குடந்தான் கெடக்கு."

"பஸ்ஸுன்னா எறங்குற எடம் வந்துரும் பவுனு," என்றான் ராசாங்கம். கெட்ட மனதோடு சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான். "இது ஆயுசுக்கும்ல?"

"உடனே சொல்ற விஷயமா இது?" என்றார் குஞ்சிதபாதம், நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே. "நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

யோசித்தார்கள். ஊர் ஒரு விஷயத்தை யோசிக்கிறது என்றால் அதற்கு நடுவில் மற்றதெல்லாம் நடந்துகொண்டிருக்கும் என்று அர்த்தம். வாய்க்கால் முறை வந்தது, போனது. தபால்காரர் தெற்குத் தெரு தபால்களைப் பாலத்துக் கல்லின் மேல் வைத்து மேலே ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் போனார். சோளக்காட்டுக்காரன் வந்து தட்டையை மிதிக்கிறார்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். தெருவிளக்கு ஏழு குறைந்ததால் ஊராட்சிக்குக் கரண்டு செலவு குறையும் என்று தலைவர் கண்டுபிடித்தார். தேர் தெற்குத் தெருவுக்கு எந்தக் காலத்திலும் போனதில்லை என்பதால் தேர் வழியில் மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரில் ஏறிய ஊர்ப் படத்தின் நகலை ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். நான்கு ஓரமும் ஒரே நேராக இருந்ததைப் பார்த்து, இப்பத்தான் படம் படமா இருக்கு என்று ஒருவர் சொன்னதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பவுனாம்பாள் பாலத்தை விட்டு நகரவில்லை. முதலில் தண்ணீர் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வீசினாள். எல்லாம் சோளக்காட்டில் விழுந்தன. பாலத்தின் கல் இடுக்கில் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தாள், அந்தப் பக்கம் கசிந்தாவது போகுமா என்று. இந்தப் பக்கத்து மண்ணே எல்லாவற்றையும் குடித்தது. ஒரு நீளமான மூங்கிலின் நுனியில் ஈரத் துணியைச் சுற்றி நீட்டினாள். காத்தவராயன் அங்கிருந்து, "என்னாடி பண்ற, மீன் புடிக்கிறியா?" என்றான்.

குரல் மட்டும் வந்தது, போனது. வெயில் தாழ்ந்ததும் ஊர் ஜனம் ஒவ்வொருவராகப் பாலத்துக்கு வரத் தொடங்கினார்கள். காத்தவராயன் நன்றாகப் பேசுவான். திருப்பூரில் ஒரு முதலாளி அவனிடம் சுவரை நேராகக் கட்டச் சொல்லிவிட்டுத் தான் கோணலாக நின்று பார்த்த கதை, பெங்களூரில் எட்டாம் மாடியில் சாரத்தில் உட்கார்ந்து சோறு தின்றபோது காக்கா முட்டையைத் தூக்கிக்கொண்டு போன கதை, சாரத்திலிருந்து விழுந்தபோது நடுவழியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நினைத்த கதை. படுக்கையில் கிடந்த மூன்று வருஷத்தில் இதையெல்லாம் கேட்க வடக்குத் தெருவிலிருந்து ஒருவர் வந்ததில்லை. அவன் வீட்டு வாசலை மிதிக்காமலே கேட்கலாம் என்று ஆனதும் வந்தார்கள். ராசாங்கம் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து பாலத்தோரம் போட்டு டீ விற்றான். காத்தவராயன் ரேடியோ என்று பெயரும் வைத்தார்கள்.

"காத்தா, அந்தக் காக்கா கதையை இன்னொரு தரம் சொல்லு," என்பார்கள்.

"தொண்டை காயுதுங்க," என்பான் அவன். ஆனாலும் சொல்லுவான். சனம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவது அவனுக்கு வேண்டியிருந்தது.

அவன் சொல்லி முடித்ததும் பவுனாம்பாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். அரைக் குடம் என்றவன், காக்குடம் என்றான். காக்குடம் என்றவன், சாய்ச்சா வருது என்றான். ஆடுகளின் சத்தம் ஒரு பக்கமிருந்து குறைந்துகொண்டே வந்தது. எந்த வீட்டு ஆடு நின்றுவிட்டது என்று தெற்குத் தெருப் பெண்கள் குரலை வைத்தே சொல்லி அழுதார்கள். அதில் நான்கு குடும்பம், இனி இங்கே நின்று என்ன செய்ய என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டது.

பவுனாம்பாள் காலையிலும் மாலையிலும் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்," என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

ஒரு சாயங்காலம் காத்தவராயன் கதை சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வெகு தூரத்திலிருந்து ஓலையை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இன்னிக்கு ஸ்டேஷன் சரியா எடுக்கல," என்றான் ராசாங்கம். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் தீர்மானம் வந்தது. "சேந்தநத்தம் கிராமத்தின் நீள அகலங்களில் எவ்வித மாறுதலும் செய்வதைப் பொதுமக்கள் விரும்பவில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தது. பவுனாம்பாளுக்கு அதை வாசித்துக் காட்டியவர், மனசை விடாதே என்று சேர்த்துச் சொன்னார்.

அவள் தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோஸ்லின் ஒரு கட்டை முடித்து அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தீர்மானம் வந்ததா என்று அவள் கேட்கவில்லை, பவுனாம்பாளும் சொல்லவில்லை. ரோஸ்லின் அவள் உதடுகளைப் பார்த்தாள். கணவனுக்குக் கிடைக்காத தண்ணீரைத் தானும் குடிப்பதில்லை என்று இருந்ததில் அவை வெடித்துக் கிடந்தன. ரோஸ்லின் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். படத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் ஒரு டிக் அடித்தாள். மெஷினுக்கு அடியில் ஒரு வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனது.

"அவ்ளோதானா?" என்றாள் பவுனாம்பாள்.

"அவ்ளோதான்க்கா."

"இதுக்கா?"

ரோஸ்லின் துப்பட்டாவை இழுத்து முகத்தைக் கட்டிக்கொண்டாள்.

பஸ் இறங்கிப் பாலத்தைத் தாண்டி பவுனாம்பாள் காலை எடுத்து வைத்தபோது அது தெற்குத் தெருவின் முதல் வீட்டு வாசலில் இறங்கியது. அவளுக்கு முன்பே ஜனம் ஓடிப்போய்த் தங்கள் தங்கள் ஆடுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூவரச மரத்தடியில் கட்டியிருந்த ஏழு ஆடுகள் எட்டிய கொப்பைத் தின்று உயிரோடு இருந்தன. அவள் தன் வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படி நெற்றியில் இடித்தது. இருபத்திரண்டு வருஷம் குனியாமல் நுழைந்த வாசல். நெற்றியைத் தடவிக்கொண்டு உள்ளே பார்த்தாள். காத்தவராயன் கட்டிலிலிருந்து கீழே இறங்கி, குடத்தைத் தன் பக்கம் சாய்த்து, தோள் வரைக்கும் கையை அதற்குள் விட்டபடி கிடந்தான். கை குடத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் காய்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

அவனை அவள் ஒருத்தியாகவே தூக்கினாள். நோயில் இளைத்ததும் தாகத்தில் இளைத்ததும் போக, இன்னும் கொஞ்சம் எடை அவனிடம் குறைவாக இருந்தது. குழியை நாடாப் பிடித்து அளந்து ஆறடிக்கு ஒன்றும் குறையாமல் வெட்டினார்கள். அவனை வாங்கிப் படுக்க வைக்க அவள் குழிக்குள் இறங்கினபோது அது அவளுக்குச் சின்னதாக இருந்தது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஊர் சுருங்கியது ஊருக்குத் தெரியவில்லை. இதை எவ்வளவு தரம் சொன்னாலும் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது. வாசல் சுருங்கியபோது நுழைகிறவனும் சுருங்கினான். டம்ளர் சுருங்கியபோது குடிக்கிற வாயும் சுருங்கியது. அளக்கிற நாடாவே சுருங்கிவிட்ட பிறகு ஏழடி வாசக்கால் ஏழடியாகவே இருந்தது. தையல்நாயகியின் மகள் அவளைவிடப் பெரிய பெண்களுக்கு நடுவில் எவ்வளவு கட்டையோ அதே அளவு கட்டையாக இருந்தாள். மாப்பிள்ளை வீடும் உள்ளூர்தான் என்பதால் ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோபுரத்துப் புறாக்கள் கோபுரத்தில் அடைந்தன. ஊருக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றும் முளைக்காத வெள்ளைத் தரை ஒரு கீற்றாக வந்திருந்தது, உப்புப் பூத்திருக்கிறது என்றார்கள். பஸ் படி உயரமாகிவிட்டது, அரசாங்கம் புது மாடல் விட்டிருக்கிறது என்றார்கள். சந்தை வெங்காயம் பெரிதாக இருந்தது, இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பையன் தன் வீட்டிலேயே தலையை இடித்துக்கொண்டான், வெளிநாட்டுச் சாப்பாடு என்றார்கள்.

"சுருங்கிரும் சுருங்கிரும்னு என்னா பயங்காட்டுனாங்க," என்றார் குஞ்சிதபாதம் டீக்கடையில். "ஒண்ணும் ஆவல. சிஸ்டம் தானா சரியாயிருச்சு."

"ஆமா, காத்தானுக்குத்தான் காலம் முடிஞ்சுபோச்சு," என்றான் ராசாங்கம், டீயை ஆற்றிக்கொண்டே. பெஞ்சை மறுபடி கடைக்கே கொண்டுவந்து போட்டிருந்தான்.

வெளிச்சம் தாளுக்கு அடியில் நடந்த நேரத்தில் ஊர் எல்லைக்கு வெளியே இருந்து, பிறகு ஊரிலேயே வந்து தங்கிய ஒரே உள்ளூர் ஆள் பவுனாம்பாள்; செங்கல் சூளைக்குப் போன நான்கு குடும்பமும் திரும்பி வரவில்லை. அவள் பழைய அளவிலேயே இருந்தாள். முதலில் அவள் நடக்கும்போது ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. பிறகு ரேஷன் வரிசையில் மற்ற எல்லோர் தலைக்கும் மேலே அவள் தலை தெரிந்தது. அவளோடு பேசுகிறவர்கள் அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. வடக்குத் தெருவில் நடந்து போனால் மதில்களுக்கு மேலே அவள் கண்கள் போயின, உள்ளே முற்றத்தில் வடகம் காய்கிறதும் தெரிந்தது, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதும் தெரிந்தது. அவள் பார்க்காமல்தான் போனாள். ஆனால் பார்க்க முடியும் என்பது போதுமானதாக இருந்தது.

"குனிஞ்சு நடந்தா என்னா குறைஞ்சா போயிருவ?" என்று தையல்நாயகி ஒரு நாள் வழிமறித்துக் கேட்டாள்.

"கேட்டுச் சொல்றேங்க," என்றாள் பவுனாம்பாள்.

"யாரைக் கேட்டு?"

பவுனாம்பாள் இடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக் கூரையை அவள் ஒரு முழம் உயர்த்திக் கட்டியபோது ஊர் பொறுமை இழந்தது. தெற்குத் தெரு வீட்டுக்கு இவ்வளவு உயரம் எந்தக் காலத்தில் இருந்தது என்று பேச்சு வந்தது. சுருங்கியது நாம்தானோ என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், அவர் வெளியூர்க்காரர் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்கள். ஊர் அப்படியே இருக்கிறது, அவள்தான் வளர்ந்துவிட்டாள் என்று முடிவாயிற்று. நாற்பத்தாறு வயதில், புருஷன் செத்த கையோடு, யாரையும் கேட்காமல் வளர்ந்துவிட்டாள். இந்தத் தடவை யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கூட்டத்தில் மனு எழுதினார்கள்: மேற்படியாளின் உயரத்தை ஊர் அளவுக்குக் கொண்டுவரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிப்பட்ட பெரிய விஷயத்துக்குச் சின்னத் தாள் மரியாதையாக இருக்காது என்று தலைவர் பீரோவில் தேடிப் பழைய ஃபுல்ஸ்கேப் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே விஷயத்தைத் தாராளமாக இடம்விட்டு எழுதி, கீழே மூன்று விரல் அகலத்தில் நெருக்கி நெருக்கி வடக்குத் தெருவும் கீழத் தெருவும் மேலத் தெருவும் கையெழுத்துப் போட்டன. நூற்றுப் பதினொரு கையெழுத்து. ஒருவர் விடாமல்.

தாலுகா ஆபீஸில் மனுவுக்குச் சீல் வைத்து நம்பர் போட்டார்கள். நம்பர் விழுந்த தாளைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. இப்போது வருகிற மனுக்களையும் அதே மெஷினில்தான் ஏற்றுகிறார்கள் என்பது, கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போதுதான் குஞ்சிதபாதத்துக்கு உறைத்தது. திரும்பி ஓடினார். பால் சங்கத்து மூன்று பேரைப் பஸ் ஸ்டாண்டில் அவர் அன்று காலையில்தான் பார்த்திருந்தார், ஒருவன் தன் சொந்த மகனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தான், அவன் யாரோ என்று நினைத்து மகன் தீப்பெட்டியை நீட்டினான். டிக் அடிம்மா, சுருக்கிப் போடும்மா என்று தலைவர் ரோஸ்லினிடம் கை கூப்பினார். மனுவை எழுதியவர்கள் சொல்லிச் செய்ய முடியாது, மனு யாரைப் பற்றியதோ அந்த ஆளின் சம்மதம் வேண்டும், அதுதான் விதி என்றாள் ரோஸ்லின். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவரே பல பேரிடம் பல விதிகளை அந்தக் குரலில் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே ரோஸ்லின் போன் பண்ணினாள். தெற்குத் தெருவில் தெருவே சுற்றி நின்று கேட்டது.

"அக்கா, உங்க ஊர் மனு எங்கிட்ட வந்திருக்கு. அடியில நெறைய கையெழுத்து, எல்லாம் வெளிய தொங்குது. கட்டுக்கு அடியில வச்சிருக்கேன். மேல வந்துச்சுன்னா போட்டுத்தான் ஆவணும். சுருக்கிப் போடவா, எப்பவும் போல போடவா?"

பவுனாம்பாள் புதிதாக உயர்த்திக் கட்டிய நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பாலத்துக்கு அப்பால் தலைவரும் ராசாங்கமும் தையல்நாயகியும் இன்னும் யார் யாரோ அண்ணாந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"உடனே சொல்ற விஷயமா பாப்பா இது?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

அது நடந்து புரட்டாசி போய்க் கார்த்திகை வந்துவிட்டது. கட்டு மேலிருந்து குறைந்துகொண்டே வருகிறது என்று தாலுகா ஆபீஸ் போய் வருகிறவர்கள் சொல்கிறார்கள். வடக்குத் தெருவில் ராத்திரி படுக்கும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, என் முகத்தை நல்லா பாத்துக்க என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாய்களுக்கு இப்போது கையால் சோறு வைக்கிறார்கள். பவுனாம்பாள் எதிரே வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். என்னம்மா யோசிச்சியா என்று கேட்கிறார்கள், பவுனு என்று இல்லை, அம்மா என்று. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளும் பதில் சொல்கிறாள்.

காலையில் கதவைத் திறந்தால் அவள் வாசலில் யாரோ ஒரு குடம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தினமும் ஒரு குடம். எந்த வீட்டுக் குடம் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைத் தொடுவதில்லை, கொட்டுவதும் இல்லை. வாசலிலிருந்து பூவரச மரம் வரைக்கும் இப்போது குடங்கள் வரிசையாக நிற்கின்றன, விளிம்பு வரைக்கும் நிறைந்து.